இறங்கி உருட்டு

சைக்கிள் கடையில் உட்கார்ந்து 'ஓவராயில்' பண்ணுவதை வேடிக்கை பார்த்தவர்களுக்கு இந்தக் கதை சட்டென்று புரியும். சக்கரத்தைக் கழற்றி, அச்சை உருவி, கறுத்துப்போன கிரீஸைத் துணியால் வழித்தெடுப்பார்கள். குண்டுகளை மண்ணெண்ணெயில் கழுவி, புதுக் கிரீஸ் அப்பி மறுபடி பூட்டுவார்கள். எங்கள் ஊரில் இது வருஷத்துக்கு ஒருமுறை நடக்கிற வேலை. 1970களில், கலிஃபோர்னியாவின் மரின் கவுண்டியில், சில இளைஞர்கள் ஒரு மலைச்சரிவில் ஒரே ஒரு தடவை இறங்கி முடித்ததும் இதைச் செய்ய வேண்டியிருந்தது.

அவர்கள் ஓட்டியவை 1930களிலும் 40களிலும் வந்த ஷ்வின் கம்பெனியின் பழைய சைக்கிள்கள். தடித்த டயர், நல்ல கனம். பெரும்பாலானவற்றில் கைப்பிரேக் கிடையாது. பெடலைப் பின்பக்கமாக மிதித்தால் பின்சக்கரத்தின் ஹப்புக்குள்ளேயே பிடிக்கும் பிரேக்தான். சுமார் 2 மைல் தூரத்தில் 1300 அடி இறங்குகிற மண்சாலையில் அதை மிதித்துக்கொண்டே வந்தால் ஹப் கொதித்துவிடும். உள்ளே இருக்கும் கிரீஸ் புகையாகப் போய்விடும். கீழே வந்ததும் மறுபடி கிரீஸ் அடைக்க வேண்டும். ஆங்கிலத்தில் அதற்கு 'ரீபேக்'. அந்தச் சாலைக்கே ரீபேக் என்று பெயர் நிலைத்துவிட்டது.

1976 அக்டோபர் 21 அன்று அங்கே முதல் பந்தயம் நடந்தது. இரண்டு நிமிடத்துக்கு ஒருவராக மேலிருந்து விட்டார்கள். சார்லி கெல்லி நேரம் குறித்தார். அன்று ஜெயித்தவர் ஆலன் பாண்ட்ஸ். பின்னாளில் கேரி ஃபிஷர் 4 நிமிடம் 22 விநாடியில் இறங்கியதுதான் சாதனை. அவரைவிட 2 விநாடி பிந்திய ஜோ ப்ரீஸ், 1977இல் இந்த மாதிரி ஓட்டத்துக்கென்றே ஒரு சைக்கிளைப் புதிதாகக் கட்டினார். 1979இல் ஃபிஷரும் கெல்லியும் 'மவுண்டன்பைக்ஸ்' என்று கடை போட்டார்கள். 1981இல் ஸ்பெஷலைஸ்ட் நிறுவனம் ஜப்பானில் செய்வித்த ஸ்டம்ப்ஜம்பர் சந்தைக்கு வந்தது. 1996இல் அட்லாண்டாவில் மலைச் சைக்கிள் ஒலிம்பிக் ஆட்டமாகிவிட்டது. கிரீஸ் புகைந்ததிலிருந்து ஒலிம்பிக் வரை வெறும் 20 வருஷம்.

நான் வேலை பார்ப்பது குபர்டினோவில். இந்த ஊரின் பெயரும் அந்த வரலாற்றில் வருகிறது. 1974 டிசம்பரில் மரினில் நடந்த ஒரு பந்தயத்துக்குக் குபர்டினோ பையன்கள் சிலர் போயிருந்தார்கள். தடித்த டயர் சைக்கிளில் கியர் மாட்டியிருந்ததை மரின்காரர்கள் பார்த்தது அங்கேதான். இறங்க மட்டுமே பழகியவர்களுக்கு ஏறவும் வழி தெரிந்தது. இதைப் படித்த நாளிலிருந்து அந்த மலைக்குப் போக வேண்டும் என்று ஒரு அரிப்பு. போன வருஷம் ஒரு சனிக்கிழமை, அலுவலகத்தில் கூட வேலை பார்க்கும் மதுரைக்கார அண்ணனோடு கிளம்பிவிட்டேன்.

டமல்பைஸ் மலை. 2571 அடி. பெயர் அங்கே காலங்காலமாக வாழ்ந்த கோஸ்ட் மிவோக் மக்களின் மொழியிலிருந்து வந்தது. நாங்கள் ஏறியது பழைய ரயில் தடம். 1896இல் மலை உச்சிக்கு ஒரு ரயில் போட்டார்கள், 281 வளைவுகள். 1929இல் பெரிய காட்டுத்தீ வந்தது. மறுவருஷம் ரயில் நின்றது. தண்டவாளத்தைப் பெயர்த்தெடுத்த பிறகு மண்தடம் மட்டும் மிஞ்சியது. ரயில் சிரமமில்லாமல் ஏறுவதற்காக இழுத்து இழுத்து வெட்டிய தடம் என்பதால் என் தொடைகளும் தாங்கின. இது போக, தீயணைக்கும் வண்டி போவதற்கென்று வெட்டிய மண்சாலைகள் மலை முழுக்க இருக்கின்றன. ரீபேக்கும் அப்படி ஒரு சாலைதான். அந்த இளைஞர்கள் ஓட்டிய எந்தப் பாதையும் சைக்கிளுக்காகப் போட்டதில்லை.

மலையில் இன்னொரு வகைப் பாதையும் உண்டு. நம்ம ஊர் ஒத்தையடிப் பாதை மாதிரி. நடப்பவர்கள் உருவாக்கியது. 1912லேயே அவர்கள் சங்கம் வைத்து, பாதையைச் செப்பனிட்டு, மலையைக் காத்திருக்கிறார்கள். 1980களில் சைக்கிள் கூட்டம் பெருகியதும் தகராறு வந்தது. திருப்பத்தில் குதிரை மிரண்டது, வயதானவர்கள் பயந்தார்கள். சக்கரத்தைப் பூட்டிச் சறுக்கினால் மண்ணில் கோடு விழும், மழை பெய்தால் அந்தக் கோடே ஓடையாகும். மலையின் பெரும்பகுதி குடிநீர் வாரியத்தின் நீர்ப்பிடிப்பு நிலம். அங்கே சைக்கிளுக்குத் தீச்சாலை போதும், அதிலும் மணிக்கு 15 மைலுக்கு மேல் கூடாது என்று விதி வந்தது. 1984இல் அமெரிக்க வனத்துறை தன் பொறுப்பில் இருந்த 'வனாந்தரம்' என்று அறிவிக்கப்பட்ட காடுகள் எதிலும் சைக்கிள் கூடாது என்றது. 1988இல் கலிஃபோர்னிய சைக்கிள் சங்கங்கள் சேர்ந்து ஒரு சர்வதேச அமைப்பைத் தொடங்கின. சரிவுக்கு நேராக வெட்டாமல் குறுக்காக வெட்டு, தண்ணீர் தானாக வழிந்துவிடும், பாதை நிற்கும் என்பது அவர்கள் கற்றுக்கொண்டு சொன்ன பதில். ஆக, இந்த விளையாட்டு பிறந்த மலையிலேயே அதற்குப் பல பாதைகள் மூடிக் கிடந்தன.

இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் அன்று தப்பு பண்ணினேன்.

"தம்பி, அந்த ஒத்தையடிப் பாதையில எறக்குவமா? ஒரு ஈ காக்கா இல்ல."

"சைக்கிள் கூடாதுன்னு போர்டு போட்டிருக்குண்ணே."

"போர்டு கெடக்கு, வா."

நூறடி போயிருக்க மாட்டோம். திருப்பத்தில் ஊன்றுகோலோடு ஒரு வயதான பெண்மணி. என்னைப் பார்த்ததும் ஒதுங்க இடமில்லாமல் மரத்தோடு ஒட்டி நின்றுகொண்டார். அவர் கை நடுங்கியதைப் பார்த்தேன். கோபப்படவில்லை. "இறங்கி உருட்டிக்கொண்டு போங்கள்" என்றார், ஆங்கிலத்தில், மெதுவாக.

அந்த வாக்கியம் எனக்குப் பழசு. எங்கள் வீட்டில் அது ஒரு தலைமுறையாக இருக்கிறது. தாத்தா 1960களில் ஒரு சைக்கிள் வாங்கினார். எங்கள் குடியிருப்பிலிருந்து மெயின் ரோட்டுக்கு ஊர்த்தெரு வழியாகத்தான் போக வேண்டும். தெருமுனை வந்ததும் இறங்கிவிடுவார். செருப்பைக் கழற்றிக் கேரியரில் வைத்துக்கொண்டு, கடைசி வீடு தாண்டும்வரை உருட்டுவார். அப்புறம் ஏறிக்கொள்வார். அங்கே போர்டு எதுவும் கிடையாது. ஒருநாள் மழைக்கு அவசரமாக மிதித்துப் போனதற்காகச் சைக்கிளைப் பிடுங்கிக் கிணற்றில் போட்டார்கள் என்று அப்பா சொல்லியிருக்கிறார்.

ஒரு கணம் எனக்கு மண்டைக்கு ரத்தம் ஏறிவிட்டது. அமெரிக்கா வந்தும் இறங்கணுமா? அண்ணனும் முணுமுணுத்தார், "இவங்க அப்பன் வீட்டு மலையா?"

ஆனால் இறங்கினேன். உருட்டிக்கொண்டே மேலே தீச்சாலைக்கு வரும்போதுதான் யோசித்தேன். அண்ணனின் கேள்வி சரியானதுதான். மிவோக் மக்களைக் கேட்டு யாரும் அங்கே ரயில் போடவில்லை, சங்கம் வைக்கவில்லை. பாதை யாருடையது என்று நடப்பவர்களும் ஓட்டுபவர்களும் இத்தனை வருஷமாகக் கூட்டம் போட்டு வாதாடுகிற மலையின் பெயர் மட்டும் அவர்களுடையது. இருந்தாலும் நான் கேட்டதும் தாத்தா கேட்டதும் ஒன்றில்லை. சைக்கிளைக் கீழே பூட்டிவிட்டு வந்தால் அந்த ஒத்தையடிப் பாதையில் அந்த அம்மாவோடு நானும் நடக்கலாம், ஷூ போட்டுக்கொண்டு. விதி பிடிக்கவில்லையென்றால் வாரியக் கூட்டத்தில் எழுந்து பேசலாம். தாத்தா சைக்கிளே இல்லாமல் நடந்தபோதும் செருப்பு கையில்தான் இருந்தது. அவர் எந்தக் கூட்டத்தில் போய்ப் பேசுவார்?

மத்தியானம் ரீபேக்கில் இறங்கினோம். டிஸ்க் பிரேக் என்பதால் புகை வரவில்லை. நான் பதினைந்து நிமிடத்துக்கு மேல் எடுத்துக்கொண்டேன். திருப்பங்களில் எதிரே யாராவது வருகிறார்களா என்று நின்று நின்று வந்தேன்.

ராத்திரி அப்பாவுக்குப் போன் பண்ணி நடந்ததைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் கேட்டார்.

"ஆளப் பாத்தா சொன்னாங்க?"

"இல்லப்பா. சைக்கிளப் பாத்து."

"வேற யாரு வந்தாலும் அதேதானா?"

"அதேதான்ப்பா."

"அப்ப எறங்கலாம்" என்றார்.