ஒரே நாள் திறந்திருந்த கடை

பையன் ரொட்டியில் நுட்டெல்லா தடவும்போதெல்லாம் எனக்கு இந்தக் கதைதான் ஞாபகம் வரும்.

2000 மார்ச் 14. வின்ஆம்ப் எழுதிய ஜஸ்டின் ஃப்ராங்கல் (ஏறக்குறைய என் வயசுக்காரர்), டாம் பெப்பரோடு சேர்ந்து க்னுடெல்லா என்ற கோப்புப் பகிர்வு மென்பொருளை இணையத்தில் ஏற்றினார். பெயரில் பாதி அந்தச் சாக்லேட் விழுது. இருவரும் அப்போது ஏஓஎல் சம்பளக்காரர்கள். ஏஓஎல்லோ அந்த ஜனவரியில்தான் டைம் வார்னரோடு கல்யாணம் பேசி முடித்திருந்தது. சம்பந்தி வீட்டுக்குப் பாட்டு வியாபாரம்! மறுநாளே மென்பொருளைத் தூக்கிவிட்டார்கள். அதற்குள் ஆயிரக்கணக்கானோர் இறக்கியாயிற்று. மூல நிரல் கிடைக்காமலே, அது பேசும் விதத்தைக் கவனித்து மற்றவர்கள் புதிதாய் எழுதிக்கொண்டார்கள்.

பேங்க்காரன் பாஷையில் சொல்கிறேனே. நாப்ஸ்டரில் எந்தப் பாட்டு யாரிடம் என்ற லெட்ஜர் ஒரே இடத்தில், கிளியரிங் ஹவுஸ் மாதிரி. கோர்ட் தலையிட, 2001 ஜூலையில் கதை முடிந்தது. க்னுடெல்லாவில் லெட்ஜரே கிடையாது. காணாமல் போன மாட்டை ஊரில் விசாரிப்பது போல, பக்கத்துக் கம்ப்யூட்டரைக் கேட்டால் அது தன் பக்கத்தைக் கேட்கும். எதை மூடுவது? ஆனால் கூட்டம் சேர்ந்ததும் இந்த விசாரிப்பே நெரிசலாகி டயல்-அப் ஆசாமிகள் திணறினார்கள் என்பதும் உண்மை.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் ராத்திரியெல்லாம் உட்கார்ந்து வட்டிக் கணக்குக்கு எக்ஸலில் ஒரு மேக்ரோ எழுதினேன். "யாரைக் கேட்டு எழுதினே?" என்று மேலிடத்தில் அழித்துவிட்டார்கள். ஒரு ஃப்ளாப்பியில் பிரதி எடுக்கக்கூடத் தோன்றவில்லை எனக்கு.

ஃப்ராங்கல் 2003-ல் வேஸ்ட் என்று இன்னொன்றை வெளியிட்டார். அதையும் தூக்கினார்கள். 2004-ல் அவர் வேலையை விட்டார். நான் அதே பேங்க்கில்தான், இப்போது நாக்பூரில்.