சேமித்த வெயில் – 11: நூறு நாள் பந்தயம்

சென்ற வாரம் அடிலெய்டு நகரத்தை இருட்டில் விட்டுவிட்டு வந்தோம். 2016 செப்டம்பர் 28, புதன்கிழமை, மாலை 4:18. டிராம்கள் போன இடத்திலேயே நின்றன. சிக்னல்கள் அணைந்தன. லிஃப்டில் ஏறியவர்கள் இரண்டு மாடிக்கு நடுவே மாட்டிக்கொண்டார்கள். ஒரு தெரு, ஒரு பேட்டை என்றால் பரவாயில்லை. தெற்கு ஆஸ்திரேலியா மாநிலம் முழுக்க, எட்டரை லட்சம் இணைப்புகளில் ஒரே நேரத்தில் கரண்ட் போயிருந்தது.

யார் பார்த்த வேலை இது?

புயல் என்று சொல்லி முடித்துவிடலாம்தான். அடிலெய்டுக்கு வடக்கே சுழற்காற்று இறங்கி உயர் அழுத்தக் கோபுரங்களை முறித்துப்போட்டது. அன்று சாய்ந்தவை மொத்தம் 23. ஆனால் கோபுரம் விழுந்ததும் மாநிலம் இருண்டுவிடவில்லை. இடையில் சுமார் இரண்டு நிமிடம் இருக்கிறது. கதையே அதற்குள்தான்.

அந்த இரண்டு நிமிடத்தில் வோல்டேஜ் ஆறு முறை சறுக்கியது. காற்றாலைகள் பல்லைக் கடித்துக்கொண்டு தாங்கின. ஆனால் அவற்றின் மென்பொருளில் ஒரு கட்டளை உட்கார்ந்திருந்தது: இத்தனை அடிக்கு மேல் வாங்காதே, ஒதுங்கிக்கொள். அப்படியொரு கட்டளை இருப்பது மின்கட்டமைப்பை நடத்துகிறவர்களுக்கே தெரியாது. ஒன்பது காற்றாலைப் பண்ணைகள் ஒதுங்கின. ஏழு விநாடிக்குள் 456 மெகாவாட் மாயம்.

தேர் இழுத்தவர்களுக்கு இது புரியும். வடம் பிடித்தவர்களில் பாதிப் பேர் கையை விட்டால் மீதிப் பேர் கதி என்ன? இங்கே அந்த மீதிப் பேர், பக்கத்து மாநிலமான விக்டோரியாவிலிருந்து வரும் ஹேவுட் மின்பாதை. பாரம் மொத்தமும் அதன்மேல் வந்தது. ஒரு விநாடிகூடத் தாக்குப்பிடிக்காமல் அதுவும் துண்டித்துக்கொண்டது. தனித்தீவாகிப்போன மாநிலத்தில் தேவைக்கும் உற்பத்திக்கும் 900 மெகாவாட் பள்ளம்.

வெயிலைப் பற்றிய தொடரில் காற்றாலைக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். இந்த விஷயத்தில் இரண்டும் பங்காளிகள். அனல்மின் நிலையத்தில் பல டன் எடையுள்ள இரும்பு உருளை நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றிக்கொண்டிருக்கும். எங்கோ மின்சாரம் குறைந்தால் தன் வேகத்திலிருந்து கொஞ்சம் கிள்ளிக் கொடுக்கும். அந்த அவகாசத்தில் மற்ற நிலையங்கள் சுதாரித்துக்கொள்ளும். சூரியத் தகட்டில் சுழல ஏது உருளை? மாநிலத்தின் கடைசி நிலக்கரி நிலையத்தையும் அந்த ஆண்டு மே மாதம்தான் போர்ட் அகஸ்டாவில் மூடியிருந்தார்கள். கூரைகளிலோ தகடுகள் ஏறிக்கொண்டே இருந்தன. ராத்திரிக்கு என்ன செய்வது என்று எல்லோரும் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தபோது, மாநிலத்தை ஏழு விநாடி கவிழ்த்துவிட்டது.

அரசியல்வாதிகளுக்கு இந்த விளக்கமெல்லாம் எதற்கு? பழி காற்றாலைமேல். 2017 பிப்ரவரி 8, வெயில் கொளுத்திய மாலையில் மறுபடி பவர் கட். மறுநாள் மத்திய நிதியமைச்சர் ஸ்காட் மோரிசன் ஒரு நிலக்கரிக் கட்டியைக் கையில் ஏந்தி நாடாளுமன்றத்துக்குள் வந்தார். பயப்படாதீர்கள், இது ஒன்றும் செய்யாது என்றார். கையில் கரி ஒட்டாமலிருக்க மேலே பூச்சு பூசியிருந்தார்கள் என்று பேச்சு.

மார்ச் மாதம் வந்தது பந்தயம். நூறு நாளில் ராட்சத பேட்டரி வைத்துத் தருவோம் என்று டெஸ்லாவின் லிண்டன் ரைவ் சொல்லியிருந்தார். சிட்னியின் மென்பொருள் கோடீஸ்வரர் மைக் கேனன்-புரூக்ஸ், இது நிஜமா என்று ட்விட்டரில் எலான் மஸ்கைச் சீண்டினார். கையெழுத்தான நாளிலிருந்து நூறு நாள், தவறினால் இலவசம் என்று பதில் வந்தது. கட்டடக் கான்ட்ராக்டர் யாராவது இப்படிப் பேசிக் கேட்டிருக்கிறோமா?

ஜூலை 7. மாநில முதல்வர் ஜே வெதரில் பக்கத்தில் மஸ்க். ஜேம்ஸ்டவுனுக்கு அருகே, ஹார்ன்ஸ்டேல் காற்றாலைப் பண்ணையை ஒட்டி 100 மெகாவாட், 129 மெகாவாட்-மணி லித்தியம் பேட்டரி. நடத்தப்போவது பிரெஞ்சு நிறுவனமான நியோன். தவறினால் டெஸ்லாவுக்கு நஷ்டம் 5 கோடி டாலருக்குக் குறையாது என்று மஸ்கே சொன்னார்.

மோரிசன் சிரித்தார். ஆஸ்திரேலியச் சாலையோரங்களில் ராட்சத வாழைப்பழம், ராட்சத இறால் என்று கட்டிவைத்து வேடிக்கை காட்டுவார்கள். இதையும் அந்த வரிசையில் சேர்த்தார். அவர் கேலியில் கொஞ்சம் நியாயமும் உண்டு. முழு மூச்சில் கொடுத்தால் ஒன்றேகால் மணி நேரத்தில் பேட்டரி காலி. அதிலும் மாநில அரசு தனக்கென்று ஒதுக்கிக்கொண்ட 70 மெகாவாட் பத்து நிமிடத்துக்கு மேல் தாங்காது. பத்து நிமிடத்தை வைத்துக்கொண்டு ஒரு மாநிலம் என்ன செய்யும்? மோரிசன் மணிக்கணக்கில் எண்ணினார். வெதரிலின் ஆட்கள் விநாடிக்கணக்கில் எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

நூறு நாள் கடிகாரம் ஓட ஆரம்பித்தது செப்டம்பர் 29-இல். அதற்குள் பாதி பேட்டரி இறங்கி முடிந்திருந்தது! விடைத்தாளில் பாதி எழுதிவிட்டுப் பரீட்சை மணியை அடித்த கதை. எப்படியோ, டிசம்பர் 1 அன்று, 63-ஆம் நாள், பேட்டரி முறைப்படி வேலைக்கு வந்துவிட்டது. மஸ்க் ஜெயித்தார். ஆனால் பேட்டரி ஜெயிக்குமா?

இரண்டே வாரம். டிசம்பர் 14, பின்னிரவு. மின்சந்தைக் கடிகாரத்தில் மணி 1:59. ஹார்ன்ஸ்டேலிலிருந்து ஏறக்குறைய ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி, விக்டோரியாவின் லாய் யாங் அனல்மின் நிலையத்தில் ஓர் அலகு முன்னறிவிப்பில்லாமல் நின்றது. 560 மெகாவாட் போயிற்று. 50-இல் நிற்க வேண்டிய அதிர்வெண் சரியத் தொடங்கியது. 49.95... 49.90... 49.85...

கைகொடுக்க வேண்டியது குவீன்ஸ்லாந்தின் கிளாட்ஸ்டோன் அனல்மின் நிலையம். ஏற்பாடு அப்படித்தான். ஆனால் நீராவி அசைந்து கொடுக்கச் சில விநாடி பிடிக்கும்.

49.80.

யாரும் கூப்பிடவில்லை. ஹார்ன்ஸ்டேல் பேட்டரியின் பதிவில் ஓர் எண் மாறியது.

(தொடரும்)