அரசு ஏலத்தில் பழைய கணினி மானிட்டர்கள்: வாங்குவது எப்படி?

மத்திய அரசு அலுவலகங்களில் பயன்பாட்டிலிருந்து நீக்கப்படும் கணினி மானிட்டர்கள், 2017-ஆம் ஆண்டின் பொது நிதி விதிகளின்படி விற்கப்படுகின்றன. உபரி, காலாவதியானது அல்லது பழுதானது என முறைப்படி அறிவிக்கப்பட்ட பின்னரே ஒரு பொருள் விற்பனைக்கு வரும். அதன் எஞ்சிய மதிப்பு ரூ.2 லட்சத்துக்கு மேல் எனக் கணக்கிடப்பட்டால், பொது ஏலம் அல்லது விளம்பரப்படுத்தப்பட்ட ஒப்பந்தப்புள்ளி மூலம் விற்க வேண்டும். அதற்குக் குறைவெனில் விற்கும் முறையை உரிய அதிகாரியே முடிவு செய்யலாம்.

தற்போது பெரும்பாலான ஏலங்கள் இணையவழியில் நடைபெறுகின்றன. கொல்கத்தாவைத் தலைமையிடமாகக் கொண்டு 1964-இல் தொடங்கப்பட்ட பொதுத் துறை நிறுவனமான எம்எஸ்டிசி, 2016-இல் தொடங்கப்பட்ட 'ஜெம்' அரசு மின்சந்தை ஆகியவற்றின் இணையதளங்களில் அறிவிப்புகளைக் காணலாம். பங்கேற்க முன்பதிவு அவசியம். முன்வைப்புத் தொகையும் கோரப்படுவது வழக்கம்.

சிறு கணினிப் பயிற்சி மையம் நடத்துவோர் பத்து மானிட்டர்கள் போதும் என எண்ணி இந்த ஏலங்களை நாடுவதுண்டு. ஆனால், பொருள்கள் பொதுவாகத் தொகுப்பாகவே விற்கப்படும். மானிட்டருடன் பழுதான பிரிண்டர், யுபிஎஸ், விசைப்பலகை என அனைத்தையும் சேர்த்தே எடுக்க வேண்டியிருக்கும்.

அதைவிட முக்கியமானது, அந்தத் தொகுப்பு 'மின்னணுக் கழிவு' என வகைப்படுத்தப்பட்டுள்ளதா என்பது. படக்குழாய் மானிட்டர்களின் கண்ணாடியில் ஈயமும், பழைய எல்சிடி திரைகளின் பின்னொளிக் குழல்களில் பாதரசமும் உள்ளன. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, அதிக அளவில் மின்னணுப் பொருள்களைப் பயன்படுத்தும் அமைப்புகள் தங்கள் கழிவைப் பதிவு பெற்ற உற்பத்தியாளர், புதுப்பிப்பாளர் அல்லது மறுசுழற்சியாளரிடமே ஒப்படைக்க வேண்டும். எனவே, இத்தகைய தொகுப்புக்குத் தனிநபர் அதிக விலை கேட்டாலும் பயனில்லை. அறிவிப்பின் தகுதி நிபந்தனையை முதலில் படிப்பது பணத்தையும் நேரத்தையும் காக்கும்.

தகுதி இருப்பின், நேரில் பார்வையிடாமல் விலை கேட்பது சூதாட்டத்துக்கு ஒப்பானது. 'உள்ளது உள்ளபடி, உள்ள இடத்திலேயே' என்பதே விற்பனை நிபந்தனை. பின்னர் குறை கூற வழியில்லை. ஒளிப்படத்தில் எல்லாத் திரைகளும் நல்லவையாகவே தெரியும். மின் இணைப்பு கொடுத்து இயக்கிப் பார்க்க அனுமதி கேட்கலாம். மறுக்கப்பட்டால் அதையும் விலையில் கழித்துக்கொள்ள வேண்டும். தாங்கி, மின்வடம், அடாப்டர் ஆகியவை உடன் உள்ளனவா என எண்ணிப் பார்ப்பதும் அவசியம். பழைய மானிட்டர்கள் பலவற்றில் விஜிஏ இணைப்பு மட்டுமே இருக்கும். புதிய கணினியுடன் இணைக்க ஒவ்வொன்றுக்கும் தனி மாற்றி வாங்கும் செலவு, ஏலத்தில் கிடைத்த லாபத்தைக் கரைத்துவிடும்.

நேரடி ஏலத்தில் கேட்பு ஏற்கப்பட்டவுடன் குறைந்தது 25 சதவீதத் தொகையை அங்கேயே செலுத்த வேண்டும்; மீதித் தொகை செலுத்திய பிறகே பொருள் கைக்கு வரும். ஏல விலைக்கு மேல் ஜிஎஸ்டி, ஏற்றுக்கூலி, வாகன வாடகை ஆகியவையும் உண்டு. குறித்த நாளுக்குள் எடுத்துச் செல்லாவிட்டால் இடவாடகை விதிக்கப்படுமா, முன்வைப்புத் தொகை பறிமுதலாகுமா என்பது ஒவ்வோர் ஏல அறிவிப்பிலும் தனித்தனியே குறிப்பிடப்பட்டிருக்கும்.