சுடுதள வலயத்துக்குள் ஆட்டுப்பட்டி: பலஸ்தீன விவசாயிகளின் வீடுகள் எப்படி இடிக்கப்படுகின்றன?

என் அக்காவின் மகன் இஸ்ரேலுக்கு விவசாய வேலைக்குப் போக விண்ணப்பித்திருக்கிறான். 2023 நவம்பரில் இலங்கை அரசு அந்த நாட்டின் பண்ணைகளுக்கு 10,000 பேரை அனுப்ப உடன்பட்டதிலிருந்து எங்கள் ஊர் இளைஞர்களிடையே இதே பேச்சுத்தான். ஒக்ரோபர் போர் தொடங்கியதும் அங்கு வேலை செய்த பலஸ்தீனர்களின் அனுமதிகள் நிறுத்தப்பட்டன. தாய்லாந்துத் தொழிலாளர்கள் பலர் நாடு திரும்பினார்கள். அந்த இடங்களை நிரப்பத்தான் ஆள் தேடுகிறார்கள்.

"மாமா, சண்டை காஸாவிலதானே? பிறகேன் மற்றப் பக்கத்திலயும் சனத்தின்ர வீடுகளை உடைக்கிறாங்கள்?" என்று ஒருநாள் கேட்டான்.

நான் 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து வெளியேறியவன். காணி உறுதியைப் பொலித்தீன் பையில் சுற்றிக்கொண்டு முகாம் முகாமாகத் திரிந்த தாயின் பிள்ளை. அதனால் இந்தக் கேள்விக்கு இரண்டு வசனத்தில் பதில் சொல்லிவிட்டு எழும்ப எனக்கு மனம் வரவில்லை. அவனுக்குச் சொன்னதையும் அப்போது விடுபட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

மூன்று வலயங்கள்

மேற்குக்கரையை இஸ்ரேல் 1967ஆம் ஆண்டுப் போரில் கைப்பற்றியது. 1995இல் கையெழுத்தான இரண்டாவது ஒஸ்லோ உடன்படிக்கை அதை ஏ, பி, சி என மூன்றாகப் பிரித்தது. நகரங்களும் பெரிய ஊர்களும் முதல் இரண்டு பிரிவுகளுக்குள் வந்தன. மேய்ச்சல் நிலம், தோட்டக்காணி, யோர்தான் பள்ளத்தாக்கு, சிறு குக்கிராமங்கள் என மீதமிருந்த ஏறத்தாழ 60 வீதமான நிலம் சி வலயமானது. அங்கே பாதுகாப்பும் கட்டட அனுமதியும் இஸ்ரேலிய இராணுவ நிர்வாகத்தின் கையில். இந்த ஏற்பாடு தற்காலிகமானது, நிலம் படிப்படியாகக் கைமாறும் என்றுதான் உடன்படிக்கை சொன்னது. அந்தத் தற்காலிகம் முப்பது ஆண்டுகளைக் கடந்துவிட்டது. யூதக் குடியேற்றங்கள் இருப்பதும் இந்த வலயத்திலேயே.

ஆகவே வீடிழக்கும் பலஸ்தீன விவசாயி பெரும்பாலும் சி வலயத்துக்காரர். அவர் போர்முனையில் இல்லை. அவரிடம் வருவது முதலில் ஒரு கடதாசி, பிறகுதான் புல்டோசர்.

அனுமதி என்ற பூட்டு

இடிப்புகளில் ஒரு வகை தண்டனை இடிப்பு. தாக்குதல் நடத்தியவர் என்று சொல்லப்படுபவரின் குடும்ப வீட்டை உடைப்பது இது. 1945இல் பிரித்தானியர் கொண்டுவந்த அவசரகால ஒழுங்குவிதிதான் இதற்கு இன்றும் ஆதாரம். செய்திகளில் அதிகம் அடிபடுவது இந்த வகை. எண்ணிக்கையில் பல மடங்கு அதிகம் நடப்பதோ 'அனுமதியின்றிக் கட்டியது' என்ற காரணத்தால் வரும் இடிப்பு.

அனுமதி எடுத்துவிட்டுக் கட்டலாமே என்று கேட்கத் தோன்றும். அனுமதி கிடைக்க அந்த ஊருக்கு அங்கீகரிக்கப்பட்ட அபிவிருத்தி வரைபடம் இருக்க வேண்டும். சி வலயத்தில் பலஸ்தீனர்களுக்காக அப்படித் திட்டமிடப்பட்ட நிலம் 1 வீதத்துக்கும் குறைவு. 1971இல் வந்த இராணுவக் கட்டளை 418, உள்ளூர் மக்கள் திட்டமிடலில் பங்கெடுத்த சபைகளை இல்லாமற் செய்துவிட்டது. 2009 முதல் 2018 வரையான பத்து ஆண்டுகளில் பலஸ்தீனர் கொடுத்த விண்ணப்பங்களில் நூற்றுக்கு இரண்டளவே அனுமதி பெற்றன.

மகனுக்குக் கல்யாணம் ஆகிறது, ஓர் அறை கூட்டிக் கட்ட வேண்டும். ஆடு பெருகுகிறது, இன்னொரு கொட்டில் வேண்டும். விண்ணப்பித்தால் கிடைக்காது. கட்டினால் குற்றம். 2018இல் வந்த இன்னொரு இராணுவக் கட்டளையின்படி, புதிதாகக் கட்டியவற்றை அறிவித்தல் ஒட்டி 96 மணித்தியாலத்தில் அகற்றலாம். வழக்குப் போட சட்டத்தரணியைத் தேடுவதற்கே அந்த நேரம் போதாது.

வலயம் 918

ஹெப்ரோன் மலைகளின் தெற்கே மசாஃபர் யத்தா என்ற பகுதி இருக்கிறது. சிறு கிராமங்களின் கூட்டம் அது. மக்கள் ஆடு வளர்ப்பார்கள், மழையை நம்பிக் கோதுமையும் பார்லியும் விதைப்பார்கள். பாறையைக் குடைந்த குகைகளிலேயே பல தலைமுறையாக வாழ்ந்தவர்கள்.

1980களின் தொடக்கத்தில் இஸ்ரேலிய இராணுவம் இங்கே ஏறத்தாழ 30,000 துனம் நிலத்தைச் சுடுதளப் பயிற்சி வலயம் 918 என்று அறிவித்தது. ஒரு துனம் நம் கணக்கில் ஏறத்தாழ நான்கு பரப்பு. அன்று விவசாய அமைச்சராக இருந்த ஏரியல் ஷரோன், அந்த மலைகளில் அரபு மக்கள் பரவுவதைத் தடுக்க இராணுவத்துக்குப் பயிற்சி நிலம் தரலாம் என்று 1981இல் ஒரு கூட்டத்தில் சொன்னது, பல ஆண்டுகளுக்குப் பின் ஆவணக் காப்பகத்திலிருந்து வெளிவந்தது.

1999இல் சுமார் 700 பேர் அங்கிருந்து ஏற்றப்பட்டார்கள். 2000 மார்ச்சில் இஸ்ரேலின் உயர் நீதிமன்றம் இடைக்கால உத்தரவு கொடுக்க, பலர் திரும்பினார்கள். வழக்கு இருபது ஆண்டுகளுக்கும் மேல் இழுத்தது. 2022 மே 4ஆம் திகதி வந்த தீர்ப்பு, வலயம் அறிவிக்கப்படும்போது இவர்கள் அங்கே நிரந்தரமாக வசித்தார்கள் என்று நிரூபிக்கப்படவில்லை என்றது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோரை வெளியேற்ற அத்துடன் வழி திறந்தது.

'நிரந்தரமாக' என்ற சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. மேய்ப்பர் பருவத்தோடு நகர்பவர். புல் உள்ள மாதங்களில் பட்டியோடு மலையில் இருப்பார், மற்ற மாதங்களில் ஊருக்கு இறங்குவார். மயிலத்தமடு, மாதவனைப் பண்ணையாளர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. பருவத்துக்கு வந்துபோகிறவனுக்கு நிலத்தில் உரிமை இல்லை என்று ஒரு நீதிமன்றம் சொன்னால், மேய்ச்சல் தொழிலுக்கே உரிமை இல்லை என்றாகிவிடும். மேற்குக்கரையின் நிலப்பரப்பில் ஏறத்தாழ 18 வீதம் இப்படிச் சுடுதள வலயமாக அறிவிக்கப்பட்டிருக்கிறது.

பதிவாகாத காணி

'அவர்களிடம் உறுதி இல்லையா?' என்பது நம்மவர் கேட்கும் முதல் கேள்வி. யோர்தான் ஆட்சியில் காணிப் பதிவு நடந்துகொண்டிருந்தது. 1967இல் மேற்குக்கரையின் மூன்றில் ஒரு பங்கு நிலமே பதிவாகி முடிந்திருந்தது. 1968இல் இஸ்ரேல் அந்த வேலையை நிறுத்தியது, பல பத்தாண்டுகள் நிறுத்தியே வைத்தது.

1979இல் இன்னொரு தீர்ப்பு, பாதுகாப்புக் காரணம் சொல்லித் தனியார் காணியில் குடியேற்றம் கட்டுவதைக் கடினமாக்கியது. அதன்பின் 1858ஆம் ஆண்டின் ஒட்டோமான் காணிச் சட்டம் தூசி தட்டி எடுக்கப்பட்டது. பதிவாகாத காணி தொடர்ந்து மூன்று ஆண்டுகள் பயிரிடப்படாவிட்டால் அரச காணியாகலாம் என்ற விதி பெரிய அளவில் பயன்பட்டது. வேலியோ, சோதனைச்சாவடியோ, குடியேற்றவாசிகளின் அடியோ தடுத்துத் தோட்டத்துக்குப் போகமுடியாத விவசாயிக்கு இந்த விதி இரண்டாவது அடி.

எதெது உடைகிறது

2020 நவம்பர் 3ஆம் திகதி, யோர்தான் பள்ளத்தாக்கில் கிர்பெத் ஹும்ஸா என்ற மேய்ப்பர் குடியிருப்பு ஒரே நாளில் இடிக்கப்பட்டது. அதுவும் சுடுதள வலயம்தான். 73 பேர் வீடிழந்தார்கள். அவர்களில் 41 பேர் சிறுவர்கள். உடைந்தவற்றில் கூடாரங்களோடு ஆட்டுக்கொட்டில், மலசலகூடம், சூரியத் தகடு ஆகியனவும் இருந்தன. மற்ற இடங்களில் மழைநீர்த் தொட்டிகளும் தண்ணீர்க் குழாய்களும் உடைக்கப்படுகின்றன.

கூடாரத்தைத் தறப்பாள் போட்டு மறுநாளே எழுப்பலாம். தொட்டி போனால் பவுசரில் தண்ணீர் வாங்க வேண்டும், அதற்கு ஆடு விற்க வேண்டும். பட்டி குறைந்தால் அடுத்த வருடம் இருக்கக் காரணமே குறைந்துவிடும். 2009 முதல் ஐ.நா. மனிதாபிமான அலுவலகம் மேற்குக்கரையிலும் கிழக்கு ஜெருசலேமிலும் பதிவு செய்த இடிப்புகள் 10,000 கட்டமைப்புகளைத் தாண்டிவிட்டன. ஜெருசலேமில் தண்டப்பணத்துக்கும் இடிப்புச் செலவுக்கும் பயந்து தம் வீட்டைத் தாமே உடைப்போரும் உண்டு.

இடிக்காமலே விரட்டுவது

2023 ஒக்ரோபருக்குப் பின் குடியேற்றவாசிகளின் வன்முறை கூடியது. மசாஃபர் யத்தாவுக்குத் தூரமில்லாத கிர்பெத் ஸனூத்தாவிலிருந்து அந்த மாதமே சுமார் 250 பேர் வெளியேறினார்கள். திரும்பலாம் என்று நீதிமன்றம் 2024இல் சொன்னது. திரும்பியவர்கள் கண்டது இடிபாடு. கூரை போடவும் விடவில்லை, தாக்குதலும் ஓயவில்லை. மறுபடி வெளியேறினார்கள்.

மசாஃபர் யத்தாவைப் படமாக்கிய 'நோ அதர் லாண்ட்' 2025 மார்ச்சில் ஒஸ்கார் விருது பெற்றது. அதற்கு உதவிய ஆசிரியர் ஒருவர் அதே ஆண்டு ஜூலையில் உம் அல்-கைர் கிராமத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

சட்டம் என்ன சொல்கிறது

நான்காவது ஜெனீவா உடன்படிக்கையின் 49ஆம் உறுப்புரை ஆக்கிரமிக்கப்பட்ட நிலத்து மக்களைப் பலவந்தமாக இடம்மாற்றுவதைத் தடுக்கிறது. இராணுவ நடவடிக்கைக்கு முற்றிலும் அவசியமானாலன்றிச் சொத்துகளை அழிக்கக்கூடாது என்கிறது 53ஆம் உறுப்புரை. 2024 ஜூலை 19ஆம் திகதி சர்வதேச நீதிமன்றம், இஸ்ரேல் அந்த நிலங்களில் தொடர்ந்திருப்பதே சட்டவிரோதம் என்று ஆலோசனைக் கருத்து வழங்கியது. அந்தக் கருத்து ஒரு கொட்டிலையும் திருப்பிக் கட்டித் தரவில்லை. ஜெனீவாவைப் பார்த்துப் பார்த்துக் களைத்த நமக்கு இதில் அதிசயம் இல்லை. ஆனாலும் திகதியும் இடமும் எண்ணிக்கையும் எழுதப்பட்டுக்கொண்டே இருக்கின்றன. சாட்சி சொல்லும் ஒரு நாளுக்கு அவை வேண்டும்.

எல்லாம் கேட்டபின் மருமகன் சொன்னான்: "போறதெண்டா இதெல்லாம் தெரிஞ்சுகொண்டு போகவேணும், என்ன மாமா?"

போகாதே என்று நான் சொல்லவில்லை. அவனுக்குக் கடன் இருக்கிறது, கேட்பதற்கு இங்கே ஆளில்லை. அம்மாவின் பெட்டியிலிருந்த உறுதியை எடுத்துக் காட்டினேன். மடிப்புகளில் கிழிந்த அந்தக் கடதாசியை அவன் முதற்தடவையாக வாசித்தான்.