ஹூக்ளியின் விரல்ரேகையும் மெய்நிகர் உலகின் குழந்தையும்

பிரான்சிஸ் கால்டன் 1892-இல் வெளியிட்ட விரல்ரேகை நூலில் ஒரு சிறுவனின் ரேகை இருமுறை இடம்பெறுகிறது. முதற்பதிவு 1877-ஐச் சேர்ந்தது; அப்போது அவனுக்கு இரண்டரை வயது. அடுத்தது 1890-இல், பதினைந்து வயதில் எடுக்கப்பட்டது. முதற்பதிவை எடுத்தவர் வங்காளத்தின் ஹூக்ளியில் மாஜிஸ்திரேட்டாக இருந்த வில்லியம் ஹெர்ஷல். இடைப்பட்ட ஆண்டுகளில் கை வளர்ந்தது. ரேகையின் அமைப்போ ஏறத்தாழ அப்படியே நின்றது. விரல்ரேகை மாறாது என்னும் கூற்றின் தொடக்ககாலச் சான்றுகளுள் ஒன்று, எதற்கென்று அறியாமல் விரலை நீட்டிய ஒரு குழந்தையுடையது.

ஹெர்ஷல் இதை ஆய்வுக்காகத் தொடங்கவில்லை. 1858-இல் ஜங்கிப்பூரில், சாலைப்பணிக்குப் பொருள் வழங்க ஒப்புக்கொண்ட ராஜ்யதர் கோனாய் பின்னர் வாக்கு மாறிவிடக் கூடாதே என்று, ஒப்பந்தத்தாளில் அவரது கையின் அச்சைப் பதியவைத்தார். 1877-இல் அதே முறை ஓய்வூதியர்களுக்கும் பத்திரப்பதிவுக்கும் கைதிகளுக்கும் பரவியது. 1897-இல் கல்கத்தாவில் விரல்ரேகைப் பணியகம் நிறுவப்பட்டது. இத்தகைய பணியகங்களுள் உலகிலேயே முதலாவதாக அது கருதப்படுகிறது. ரேகைகளை 1,024 தொகுதிகளாகப் பகுக்கும் முறையை உருவாக்குவதில் பெரும்பங்கு காவல்துறை அலுவலர்களான அசிசுல் ஹக், ஹேமச்சந்திர போஸ் இருவருக்கும் உண்டு. பெயரென்னவோ மேலதிகாரி எட்வர்ட் ஹென்றிக்கே போயிற்று. 1901-இல் அம்முறை ஸ்காட்லாந்து யார்டைச் சென்றடைந்தது.

ஒப்பந்தத்துக்கு எடுக்கப்பட்ட அடையாளம் நாற்பதே ஆண்டுகளில் குற்றவாளிப் பதிவேடாயிற்று. நோக்கம் மாறிக்கொண்டே போனது. உடலின் தடம் மாறவில்லை.

இன்றைய மெய்நிகர் ஹெட்செட்டை இந்த வரிசையில் வைத்தே நான் பார்க்கிறேன். தலை திரும்பும் திசையையும் கை அசையும் விதத்தையும் நொடிக்குப் பலமுறை அளக்காவிட்டால் அக்கருவியில் காட்சியே தோன்றாது. இருபது நிமிடப் பயன்பாட்டில் உடலசைவு குறித்து ஏறத்தாழ இருபது இலட்சம் பதிவுகள் உருவாகின்றன என்று 2018-இல் ஜெரமி பெய்லன்சன், குழந்தை மருத்துவ ஆய்விதழ் ஒன்றில் எழுதினார். 2020-இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வு, ஐந்து நிமிடத்திற்கும் குறைவான அசைவுத் தரவைக் கொண்டே 511 பேருள் ஒருவரை 95 விழுக்காடு சரியாக இனங்கண்டது. 2023-இல் பெர்க்லி ஆய்வாளர்கள் 55,541 பேரிடம் இதைச் சோதித்தனர். நூறு நொடி அசைவு போதுமாயிருந்தது. துல்லியம் 94 விழுக்காட்டைத் தாண்டியது. குழந்தையின் உயரமும் கைநீளமும் மாறுவன, ஆகவே ரேகையோடு ஒப்பிட இயலாது என்பார் உண்டு. ஆனால் வளர்ச்சியின் அந்த வரிசையே ஒரு தகவல்தானே!

எழுதத் தெரியாதவரின் ஒப்பத்தைத் தமிழில் ‘கைநாட்டு’ என்கிறோம், வங்காளியில் ‘டிப்சோய்’. இரண்டிலும் இகழ்ச்சி ஒட்டிக்கொண்டது. எனினும் கைநாட்டு வைப்பவருக்குத் தாம் வைப்பது தெரியும். ஹெட்செட் அணிந்த குழந்தைக்கு அதுவும் தெரியாது.

பெற்றோரின் கவலை பெரும்பாலும் குழந்தை எதைப் பார்க்கிறது, யாருடன் பேசுகிறது என்பதில் நிற்கிறது. முன்பின் அறியாதவர் குரலும் உருவமுமாக அருகில் வந்து நிற்கும் வெளியில் அக்கவலை முற்றிலும் நியாயமானது. 2023-இல் மெட்டா நிறுவனம் தன் கருவிக்கான வயது வரம்பை 13-இலிருந்து 10-ஆகக் குறைத்தபோது, பெற்றோர் நிர்வகிக்கும் கணக்கையே காப்பாக முன்வைத்தது. செயலிகளை அனுமதிக்கவும் நேரத்தை வரையறுக்கவும் அதில் வழியுண்டு. கருவி குழந்தையிடம் எதைப் பார்க்கிறது என்பது வேறொரு கேள்வி.

டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் (2023) ஒன்பதாம் பிரிவு, பதினெட்டு வயது நிரம்பாதோர் தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதலைக் கோருகிறது. குழந்தைகளை ‘டிராக்கிங்’ செய்வதையும் தடுக்கிறது. மொழியியல் மாணவனாக எனக்கு உறுத்துவது இச்சொல்தான். சட்டத்தில் அது ஒருவரது நடத்தையைப் பின்தொடர்வது. பொறியியலில் தலையும் கையும் இருக்குமிடத்தை அளப்பது. சட்டம் அச்சொல்லுக்கு வரையறை தரவில்லை. அகலமாகப் பொருள்கொண்டால் எந்த ஹெட்செட்டும் குழந்தைக்கு ஆகாது. குறுக்கிக்கொண்டால் ‘காட்சிக்குத் தேவையான அளவீடு’ என்ற பெயரில் அனைத்தும் கடந்துபோகும். 2019 மசோதா உயிர்க்குறித் தரவைத் தனிவகையாகக் காத்தது. 2023 சட்டத்தில் அவ்வகை இல்லை. விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. பெற்றோர் ஒப்புதல் குறித்த கடமைகள் அதிலிருந்து பதினெட்டு மாதம் கழித்தே நடைமுறைக்கு வரும்.

கொல்கத்தாவின் வணிக வளாகங்களில் மெய்நிகர் விளையாட்டுக்கூடங்கள் வந்துவிட்டன. அத்தகைய கூடத்தில் கருவியும் கணக்கும் கடைக்காரருடையவை. பெற்றோர் சீட்டு வாங்குகிறார்; குழந்தை கையை உயர்த்துகிறது. சட்டம் கேட்கும் ஒப்புதலை அங்கு யார் யாரிடம் கேட்பது?