முத்திரையிடப்பட்ட அச்சகமும் முடக்கப்பட்ட இணையதளமும்: திருவனந்தபுரத்திலிருந்து ஒரு தணிக்கை வரலாறு

1910 செப்டம்பர் 26 அன்று திருவனந்தபுரத்தில் 'சுதேசாபிமானி' இதழின் அச்சகம் முத்திரையிடப்பட்டுப் பறிமுதல் செய்யப்பட்டது. அதன் ஆசிரியர் கே. இராமகிருஷ்ண பிள்ளை கைதாகி, திருவிதாங்கூர் எல்லைக்கு அப்பால் திருநெல்வேலிக்குக் கொண்டுசெல்லப்பட்டார். நீதிமன்ற விசாரணை எதுவும் நடைபெறவில்லை. மூலம் திருநாள் மகாராஜாவின் ஆணை ஒன்றே போதுமானதாயிற்று. திவான் பி. இராஜகோபாலாச்சாரியின் நிர்வாகத்தைப் பிள்ளை விடாது விமர்சித்து வந்ததே பின்னணி. இந்த அனுபவத்தை எழுதிய நூலுக்கு அவர் 'என்டெ நாடுகடத்தல்' என்று பெயரிட்டார். தமிழ் வாசகருக்கு மொழிபெயர்ப்பே தேவைப்படாத தலைப்பு அது.

இந்நிகழ்வு பெரும்பாலும் ஆசிரியரின் கதையாகவே சொல்லப்படுகிறது. ஆயினும் தண்டனை இருவருக்கு விதிக்கப்பட்டது. அச்சகத்தின் உரிமையாளர் வக்கம் முகம்மது அப்துல் காதர் மௌலவி. 1905இல் அஞ்சுதெங்கில் இதழைத் தொடங்கியவர். இங்கிலாந்திலிருந்து அச்சு இயந்திரத்தை வரவழைத்தவர். 1906இல் பிள்ளையை ஆசிரியராக்கியபின் அவர் எழுத்தில் தலையிடாதவர். அரசைச் சினமூட்டிய கட்டுரைகளை அவர் எழுதவில்லை. எழுதியவருக்கு இயந்திரத்தைத் தந்திருந்தார், அவ்வளவே. 1932இல் அவர் மறைந்த வரையில் அந்த இயந்திரம் திரும்பவில்லை. எழுதுபவரைவிட எழுத்தைக் கொண்டுசேர்ப்பவரை நெருக்குவது எளிது என்பதை அன்றைய அரசும் அறிந்தே இருந்தது.

அதே நகரின் சட்டமன்றம் நிறைவேற்றிய 2011ஆம் ஆண்டின் கேரளக் காவல் சட்டம், 118(டி) பிரிவில் அநாகரிகமான முறையில் பிறருக்கு 'எரிச்சல்' ஏற்படுத்தும் கூற்றுகளையும் செய்திகளையும் குற்றமாக்கியது. எரிச்சல் என்பது கேட்பவரின் மனநிலையைக் குறிக்கும் சொல். பேசியவரின் செயலை அது வரையறுப்பதில்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவிலும் இதே குறை இருந்தது. 2015 மார்ச் 24 அன்று ஸ்ரேயா சிங்கால் வழக்கில் உச்ச நீதிமன்றம் இரண்டையும் ஒருசேர நீக்கியது.

ஐந்தே ஆண்டுகளில் அச்சொல் வேறு உருவில் திரும்பியது. 2020 நவம்பர் 21 அன்று ஆளுநர் ஒப்பமிட்ட அவசரச் சட்டத்தின் 118ஏ பிரிவு, ஒருவரின் 'மனத்திற்கு' ஊறு விளைவிக்கும் பொய்யான பதிவுகளுக்கு 3 ஆண்டுச் சிறை அல்லது 10,000 ரூபாய் அபராதம் அல்லது இரண்டையும் விதித்தது. இணையத்தில் பெண்கள் மீது தொடுக்கப்படும் தாக்குதல்களைத் தடுப்பதே நோக்கம் என்றது அரசு. அந்தத் துன்பம் மெய்யானது. ஆனால் பிரிவின் வாசகம் எவ்வகைத் தொடர்பு ஊடகத்தையும் உள்ளடக்கியது. அச்சிதழும் அதற்குத் தப்பவில்லை. கடும் எதிர்ப்புக்குப் பின், நவம்பர் 23 அன்று சட்டத்தை நடைமுறைப்படுத்தப் போவதில்லை என்று முதல்வர் அறிவித்தார். சில நாட்களிலேயே அது முறையாகத் திரும்பப் பெறப்பட்டது.

ஆனால் ஸ்ரேயா சிங்கால் தீர்ப்பு முழு வெற்றியல்ல. இணையப் பக்கங்களை முடக்க அரசுக்கு அதிகாரமளிக்கும் 69ஏ பிரிவை அதே தீர்ப்பு நிலைநிறுத்தியது. அதன்கீழான 2009 விதிகள் முடக்கக் கோரிக்கைகளையும் நடவடிக்கைகளையும் இரகசியமாக வைக்கச் சொல்கின்றன. 2021 விதிகளோ, அரசின் அறிவிக்கை கிடைத்த 36 மணிநேரத்துக்குள் உள்ளடக்கத்தை நீக்குமாறு நிறுவனங்களைப் பணித்தன. தவறினால் 79ஆம் பிரிவின் பாதுகாப்பு பறிபோகும். இந்த நெருக்கடியில் ஒரு நிறுவனம் யாரோ ஒருவரின் பதிவுக்காக வழக்காடுவதைவிட நீக்கிவிடுவதே அதற்கு இலாபம். அந்த நிறுவனம் மௌலவி அல்லவே. அவ்விதிகளின் செய்தி ஊடகப் பகுதியை எதிர்த்து 'லைவ் லா' தொடுத்த வழக்கில், கேரள உயர் நீதிமன்றம் 2021 மார்ச்சில் இடைக்காலப் பாதுகாப்பு அளித்தது.

2025 பிப்ரவரியில் விகடன் இணையதளம் பலருக்கு திடீரெனத் திறக்கவில்லை. பிரதமரைச் சங்கிலியுடன் சித்திரித்த ஒரு கேலிச்சித்திரமே காரணம் என்பது பின்னர் உறுதியானது. ஒரு படத்துக்காகத் தளம் முழுவதையும் முடக்கியவை இணையச் சேவை நிறுவனங்கள். ஆணை ஒன்றிய அரசினுடையது. 1910இல் ஆணை யாருடையது என்பதை நகரமே அறிந்திருந்தது. இங்கே வாசகர் அதை ஊகிக்க வேண்டியிருந்தது. மார்ச் 6 அன்று சென்னை உயர் நீதிமன்றம் முடக்கத்தை நீக்க உத்தரவிட்டது; ஆனால் அப்படத்தை விகடன் முதலில் தற்காலிகமாக அகற்ற வேண்டும் என்ற நிபந்தனையோடு.