பெங்களூரின் புத்தகக் கடைகள்

பெங்களூர் என்றாலே கணினி நிறுவனங்களைப் பற்றிப் பேசுவது வழக்கமாகிவிட்டது. அந்நகருக்கு நெடிய இலக்கியப் பாரம்பரியமும் உண்டு என்பதை நம் அங்கத்தினர்கள், குறிப்பாக இளைய தலைமுறையினர், அறிந்துகொள்வது நல்லது.

விசுவேசுவரய்யா மைசூர் திவானாக இருந்தபோது, 1915ல், கன்னட சாகித்ய பரிஷத் இங்கு உருவாயிற்று. தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட மாஸ்தி வெங்கடேச ஐயங்கார், மைசூர் அரசுப் பணியிலிருந்து 1943ல் விலகி, கன்னடத்தில் தொடர்ந்து எழுதி, 1983ஆம் ஆண்டுக்கான ஞானபீட விருதைப் பெற்றார். பிழைக்கும் ஊரின் மொழியைத் தனதாக்கிக் கொண்டதற்கு இவர் சிறந்த உதாரணம்.

எழுதுபவர் மட்டும் போதாது. நூலை வாசகரிடம் சேர்ப்பவரும் வேண்டும். 1945ல் கே.பி.கே. ராவ் தொடங்கிய செலக்ட் கடை, பழைய, அரிய நூல்களுக்குப் பெயர் பெற்றது. அவருக்குப் பின் அதை நடத்தியவர் மகன் கே.கே.எஸ். மூர்த்தி. 1971ல் டி.எஸ். ஷான்பாக் பிரீமியர் கடையைத் திறந்தார். பம்பாயில் 1948ல் ஸ்ட்ராண்ட் புக் ஸ்டாலைத் தொடங்கிய டி.என். ஷான்பாக் இவருக்கு நெருங்கிய உறவினர். பிரீமியர் சிறிய இடந்தான். நூல்கள் மலைபோல் குவிந்திருக்கும். கேட்ட நூல் எந்த அடுக்கில் என்பது உரிமையாளருக்கு மனப்பாடம். வரலாற்றாசிரியர் ராமச்சந்திர குஹா இக்கடையைப் பாராட்டி எழுதியிருக்கிறார்.

இத்தகைய கடையின் முதலீடு உரிமையாளரின் ஞாபகமும் வாசகரின் ருசியறிந்த அனுபவமுமே. பேரேட்டில் அதற்கு மதிப்புப் போட இயலாது. நகரின் மையத்தில் வாடகையோ அதைப் பார்ப்பதில்லை. பிரீமியர் 2009ல் மூடப்பட்டது, ஸ்ட்ராண்ட் 2018ல். டி.எஸ். ஷான்பாக் 2021ல் காலமானார்.

ஆயினும் மரபு அறுந்துவிடவில்லை. பொறியியல் படித்த மாயி கவுடா 2001ல் தொடங்கிய பிளாசம், சர்ச் தெருவில் புதிய நூல்களுடன் பழைய நூல்களையும் விற்று வளர்ந்தது.

பழைய நூல்கள் எங்கிருந்து வருகின்றன? பெரும்பாலும் நம்மைப் போன்றோரின் வீட்டு அலமாரிகளிலிருந்துதான். வீட்டுப் பெரியவர் காலமானதும், அல்லது சிறிய ஃபிளாட்டுக்கு மாறும்போதும், ஆயுள் முழுதும் சேர்த்த நூல்களை எடைக்குப் போடுவதே பல குடும்பங்களில் நடக்கிறது. அச்சில் இல்லாத நூல் அரைக்கப்பட்டுவிட்டால் திரும்பக் கிடைக்காது. ஆகவே அங்கத்தினர்கள் எந்த நகரில் இருப்பினும், எடைக்காரரை அழைக்குமுன் உள்ளூர்ப் பழைய புத்தகக் கடைக்காரரை ஒருமுறை வீட்டுக்கு அழைத்துக் காட்டும்படி கேட்டுக்கொள்கிறேன். நமக்குப் பயன்படாத நூலுக்காக வேறொருவர் பல ஆண்டுகளாகக் காத்திருக்கக்கூடும்.